கோர்ப்பவர்களாகவே இருந்துவிடலாமா?

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் நம்மவர்கள் சங்கக் கூட்டங்களில் சந்திக்கும்போது பேச்சு பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சுற்றியே வருகிறது. ஒன்று, தமிழ்வழிப் பள்ளிகளின் நிலை. மற்றொன்று, படித்து முடித்த பிள்ளைகளின் வேலை. முதலாவதை மொழிப் பிரச்சினை என்றும், இரண்டாவதைப் பிழைப்புப் பிரச்சினை என்றும் பிரித்து வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே பிரச்சினைதான் என்பது என் கருத்து. அதை விளக்க, சங்க இதழ்களில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு அது. சஸ்பென்ஷன் என்று அதற்குப் பெயர்.

தேயிலைத் தோட்டத்திலும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையிலும் பாடுபடும் தமிழனுக்கும் இந்தத் தகட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. முதலில் அந்தத் தகடு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

லாரிப் பட்டையும் ஹார்ட் டிஸ்க்கும்

வாளையாறு வழியாக நாள்தோறும் போகும் லாரிகளின் அடியில் வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கடுக்காக இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சாலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் சக்கரம் ஏறி இறங்க வேண்டும். ஆனால் தரையை விட்டு எழும்பிவிடக் கூடாது. பட்டை அதைப் பார்த்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் சஸ்பென்ஷனும் ஒரு பட்டைதான். அளவில்தான் வித்தியாசம். லாரிப் பட்டையின் பருமனை விரற்கடையால் அளக்கலாம். சஸ்பென்ஷன் தகட்டின் பருமன் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. முன்பு 0.075 மில்லிமீட்டர் இருந்தது, இன்று 0.03 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. வட்டின் மேல் காந்தப் புள்ளிகளாகச் செய்திகள் பதிகின்றன. டேப் ரிக்கார்டரில் நாம் பார்த்திருக்கும் 'ஹெட்' போன்ற ஒன்றுதான் அவற்றை எழுதுகிறது, படிக்கிறது. கிராமபோன் முள் தட்டின் மேல் உரசிக்கொண்டு போகும். இந்த ஹெட் உரசக் கூடாது. மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உரசினால் வட்டும் கெடும், ஹெட்டும் கெடும். ஆகவே ஹெட்டைக் கடுகைவிடச் சிறிய ஒரு பீங்கான் வில்லையில் பொருத்தி, சுழலும் வட்டு இழுத்து வரும் காற்றின் மேல் மிதக்க விடுகிறார்கள். தலைமுடியின் பருமனை இருபதாயிரம் பங்காக வகுத்தால் ஒரு பங்கு எவ்வளவோ, வட்டுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ அவ்வளவே. சொல்லப்போனால் அதிலும் குறைவு.

காற்று வில்லையை மேலே தள்ளுகிறது. சஸ்பென்ஷன் அதைக் கீழே அழுத்துகிறது. அழுத்தும் பளு இரண்டு அல்லது மூன்று கிராம். நம் பழைய அலுமினியப் பத்துப் பைசா நாணயத்தின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். பளு கூடினால் ஹெட் வட்டைத் தொடும். குறைந்தால் உயர எழும்பிவிடும்; எழுத்து மங்கும். இந்த இரண்டு கிராமை ஆண்டுக்கணக்கில், கோடிக்கணக்கான அசைவுகளுக்குப் பிறகும், மாறாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் போகக் கூடாது!

இரண்டு எதிர்க் கட்டளைகள்

இந்தத் தகட்டை வரைபவரின் முன்னால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. வட்டு மிக நுட்பமாக மேலும் கீழும் அசைவதால், தகடு மேல்கீழாக மிக மென்மையாக வளைந்து கொடுக்க வேண்டும். வில்லை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாயவும் இடம் தர வேண்டும். அதே சமயம், குறித்த தடத்தின் மேல் ஹெட்டை அசையாமல் நிறுத்த வேண்டியிருப்பதால், இடம்வலமாகச் சற்றும் வளையக் கூடாது.

பள்ளிப் பிள்ளையின் எஃகு ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். தட்டையாகப் பிடித்து அழுத்தினால் எளிதில் வளைகிறது. விளிம்பு மேலாகப் பிடித்து அழுத்தினால் வளைய மறுக்கிறது. ஒரே பொருள், ஒரே எஃகு. பிடிக்கும் திசையைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. காரணம், தகட்டின் விறைப்பு அதன் பருமனின் முப்படியைப் பொறுத்தது. பருமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். பருமன் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு 33 சதவீதம் கூடிவிடும். ஆகவே இந்தத் தொழிலில் எஃகுத் தகட்டை உருட்டும் ஆலையிலேயே கண்டிப்பு தொடங்குகிறது.

தகட்டின் உறுப்புகளைப் பார்ப்போம். ஒரு முனையில் கனத்த அடித்தட்டு; இது அசையும் கையோடு இறுக்கப்படுகிறது. அடுத்தது கீல். தயாரிக்கும்போதே இதைச் சிறிது வளைத்து வைத்துவிடுவார்கள். வட்டின் மேல் வைக்கும்போது அந்த வளைவு நிமிர்கிறது. நிமிர்ந்தது திரும்பி வளையப் பார்க்கும் முயற்சிதான் அந்த இரண்டு கிராம் பளு. கீலின் நடுவே ஒரு சன்னல் வெட்டிவிடுவார்கள். நடுப்பகுதி போனதால் மேல்கீழ் விறைப்பு குறைகிறது. விலகி நிற்கும் இரண்டு கால்கள் இருப்பதால் இடம்வல விறைப்பு போகாமல் நிற்கிறது. அதற்கு அப்பால் நீளத் தகடு. தகர வேலை செய்பவர் டின்னின் விளிம்பை மடித்து விறைப்பு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இதன் இரு ஓரங்களையும் அதே முறையில் மடித்து நிறுத்துகிறார்கள். கடைசியாக நுனியில் 0.02 மில்லிமீட்டர் பருமனுள்ள இன்னொரு தகடு. அதில்தான் வில்லை ஒட்டியிருக்கும். நீளத் தகட்டின் நுனியில் சிறு குமிழ் ஒன்று வில்லையின் முதுகை ஒரே புள்ளியில் அழுத்தும். ஒரு விரல் நுனியில் தாம்பாளத்தை ஏந்துவதைப் போல, அந்தப் புள்ளியைச் சுற்றி வில்லை எப்பக்கமும் சாய்ந்து கொடுக்கிறது.

இத்துடன் முடியவில்லை. கோயில் மணிக்கு ஒரு நாதம் இருப்பதுபோல் எந்தப் பொருளுக்கும் தனக்கென்று சில அதிர்வுகள் உண்டு. சுழலும் காற்றும், கையை நகர்த்தும் மோட்டாரும் அந்த அதிர்வைத் தொட்டுவிட்டால் தகடு பாடத் தொடங்கிவிடும். மேல்கீழாக வளையும் அதிர்வால் தடம் தவறாது. இடம்வலமாக ஆடும் அதிர்வு ஆபத்தானது. அதனால் அதை மோட்டாரின் எல்லைக்கு எட்டாத உயர்ந்த சுருதிக்குத் தள்ளிவிட வேண்டும். இவற்றுக்கு நடுவே முறுக்கிக்கொள்ளும் அதிர்வு ஒன்று உண்டு. அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எந்த அச்சைச் சுற்றித் தகடு முறுக்கிக்கொள்கிறதோ, அந்த அச்சு ஹெட்டின் வழியாகவே போகும்படி செய்துவிட்டால், தகடு எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும் ஹெட் இடம் பெயராது. கீலின் வளைவை மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாற்றுவதால் இதைச் சாதிக்கிறார்கள். அதிர்வை அடக்க வலிமையைக் கூட்டவில்லை, எடையைக் கூட்டவில்லை. வடிவத்தை மட்டும் மாற்றினார்கள். வடிவமைப்பு என்ற சொல்லின் பொருளை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1956-இலிருந்து

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் கருவியை அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. மொழிவழி மாநிலங்கள் பிறந்து, பாலக்காடும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அடங்கியதும் அதே ஆண்டில்தான். ராமாக் என்ற அந்தக் கருவியில் இரண்டடி விட்டமுள்ள 50 வட்டுகள் இருந்தன. ஐம்பது லட்சம் எழுத்துகளைத்தான் அதில் சேர்த்து வைக்க முடிந்தது. ஓர் அங்குலத்துக்கு 20 தடங்கள். ஹெட்டை வட்டிலிருந்து விலக்கி நிறுத்தக் கம்ப்ரெஸர் காற்று வேண்டியிருந்தது. 1973-இல் ஐ.பி.எம்.மின் வின்செஸ்டர் வகைக் கருவி வந்தபோது, அதற்கு முன் நூற்றுக்கணக்கான கிராமில் இருந்த அழுத்தம் 20 கிராமுக்கும் கீழே இறங்கியது. 1979-இல் வாட்ரஸ் என்ற ஐ.பி.எம். பொறியாளர் பெயரில் காப்புரிமை பெற்ற சஸ்பென்ஷன் வடிவம், பின்னால் வந்த பலவற்றுக்கும் முன்னோடியாயிற்று.

அதன் பிறகு வில்லை சிறுக்கச் சிறுக்க, தகடும் மெலிந்துகொண்டே வந்தது. முன்பு ஹெட்டிலிருந்து வரும் மின்கம்பிகளைத் தகட்டின் மேல் நீளவாட்டில் ஒட்டிவந்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய கம்பிதான். ஆனால் அந்தக் கம்பியின் விறைப்பே ஹெட்டைச் சாய்த்துவிடும் அளவுக்குத் தகடு மென்மையாகிவிட்டது. ஆகவே 1990-களின் நடுவில் கம்பியை நீக்கிவிட்டு, செம்புக் கோடுகளைத் தகட்டோடு தகடாகவே படியவைத்தார்கள். இன்று ஓர் அங்குலத்தில் சில லட்சம் தடங்கள் இருக்கின்றன. வேறு எந்தப் பொருளிலும் எஃகு இவ்வளவு நுட்பமான வேலையை இவ்வளவு மலிவாகச் செய்வதாகத் தெரியவில்லை.

கோழிக்கொட்டகையில் பிறந்த தொழில்

இந்தத் தகடுகளை உலகுக்குக் கொடுத்தவர் யார்? ஏதோ ஒரு மாநகரம் என்று நினைப்போம். இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஹட்சின்சன் என்று ஒரு விவசாய ஊர் இருக்கிறது. மக்கள்தொகை இன்றும் பதினைந்தாயிரத்துக்குள்தான். நம் சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சியின் மக்கள்தொகையில் பாதிகூட வராது. 1965-இல் இரண்டு இளைஞர்கள் அங்கே ஒரு கோழிக்கொட்டகையைச் செப்பனிட்டு ஹட்சின்சன் டெக்னாலஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மெல்லிய உலோகத் தகட்டில் வேண்டாத பகுதியை அமிலத்தால் அரித்து உருவம் எடுப்பது அவர்கள் கற்றுத் தேர்ந்த கலை. 1990-களில் உலகில் விற்ற ஹார்ட் டிஸ்க் சஸ்பென்ஷன்களில் பாதிக்கு மேல் அந்த நிறுவனத்துடையவை. 2016-இல் ஜப்பானின் டி.டி.கே. நிறுவனம் அதை வாங்கியது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது கோழிக்கொட்டகையை அல்ல. அந்த ஊரில் துறைமுகம் இல்லை, சுரங்கம் இல்லை, பெரிய சந்தையும் இல்லை. தகட்டை வரையத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். உலகம் முழுவதும் உள்ள ஹார்ட் டிஸ்க் கம்பெனிகள் அந்த ஊரைத் தேடி வந்தன.

கடல் கடந்த தமிழர் கண்ட பாடம்

இதன் மறுபக்கத்தை நம் சகோதரத் தமிழர்கள் வாழும் நாடுகளில் காணலாம். சீகேட் நிறுவனம் 1982-இல் சிங்கப்பூருக்கு வந்தது. சில ஆண்டுகளில் உலகின் ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறத்தாழப் பாதி அந்தச் சிறு தீவில் தயாராகும் நிலை ஏற்பட்டது. மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. அங்கிருந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் மலாய், சீனப் பெண்களோடு தமிழ்ப் பெண்களும் மைக்ராஸ்கோப் முன்னால் அமர்ந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. சொந்தச் சம்பளம், சொந்த வாழ்க்கை. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று.

ஆனால் கோர்க்கும் வேலை கூலி குறைந்த இடத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். தாய்லாந்துக்குப் போயிற்று, சீனாவுக்குப் போயிற்று. 2009-இல் சீகேட் தன் ஆங் மோ கியோ ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 2,000 பேருக்கு வேலை போயிற்று. அதே நிறுவனம் 2015-இல் அதே சிங்கப்பூரில் புதிதாக ஒரு வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. கோர்க்கும் மேசை கப்பலேறிப் போயிற்று. வரையும் மேசை நிலைத்து நின்றது. இந்த ஒரு செய்தியை நம் எல்லைப் பகுதிப் பெற்றோர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நிலை என்ன?

பெரிய வேலைகளுக்கு நம் எல்லைப் பகுதியில் என்றுமே குறைவில்லை. 1895-இல் முல்லைப் பெரியாறு. 1940-இல் பள்ளிவாசல் மின் நிலையம். 1976-இல் ஏறத்தாழ 169 மீட்டர் உயரமுள்ள இடுக்கி வளைவு அணை. மூணாற்றின் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடப் பாதை ஒரு காலத்தில் இதே மலையில் ஓடியது. இவற்றிலெல்லாம் தமிழ்த் தொழிலாளியின் வியர்வை கலந்திருக்கிறது. கல் சுமந்தோம், பெட்டி சுமந்தோம். வரைபடம் மட்டும் எப்போதும் வேறு யாருடைய கையிலோ இருந்தது.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் 1974-இல் இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனமும், 1976-இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனமும் வந்தன. ஒன்று ஆலைகளுக்கான கட்டுப்பாட்டு வால்வுகளைச் செய்தது. மற்றது தொலைபேசி இணைப்பகக் கருவிகளைச் செய்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், நம் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கத்துக் குடும்பங்கள் உட்பட, இந்தத் தொழிற்பேட்டையை நம்பி நிமிர்ந்தன. ஆனால் டெலிபோன் நிறுவனம் வெளிநாட்டு வரைபடத்தை நம்பியே தொடங்கியது. கைபேசிக் காலம் வந்தபோது பழைய வரைபடம் செல்லாக்காசாயிற்று, நிறுவனமும் மெலிந்தது. 2023-இல் அதே நிறுவனம் 'ஸ்மாஷ்' என்ற பெயரில் மடிக்கணினிகளை வெளியிட்டது. பாலக்காட்டுத் தொழிற்சாலைக்கும் அதில் பங்குண்டு. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனாலும் அதன் மூளையான சில்லு அயல்நாட்டில் வரைந்தது.

இடுக்கியின் நிலை இன்னும் கடினம். லயத்து வீட்டைத் தக்க வைக்கக் குடும்பத்தில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தாக வேண்டும். 2015-இல் மூணாற்றுத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் வீதிக்கு வந்து போராடியதையும், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் போனதையும் நாடு பார்த்தது. அந்த லயங்களில் பிறந்து பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடிக்கும் பிள்ளை மலையிறங்கித் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறது. அங்கே அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு கோர்க்கும் மேசை, அல்லது தைக்கும் மேசை. படித்தும் கூலி மாறவில்லை என்றால், அடுத்த பிள்ளையைப் படிக்க வைக்கத் தாய் தயங்குவாள். நம் தமிழ்வழிப் பள்ளிகள் காலியாவதற்கு மொழிப்பற்றுக் குறைவு மட்டும் காரணமல்ல. இந்தத் தயக்கமும் காரணம்.

புரியாத பாடம் வரையும் கையைத் தராது

இங்கேதான் மொழியும் வேலையும் ஒன்றாகின்றன. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. விளக்கம் மலையாளத்தில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே பிள்ளை சூத்திரத்தை உருப்போட்டுத் தேறிவிடுகிறது. உருப்போட்டவர் இயந்திரத்தை ஓட்டலாம். பிறர் வரைந்ததைக் கோர்க்கலாம். ஆனால் கீலின் நடுவே சன்னல் வெட்டினால் என்ன ஆகும் என்று தானாக யோசிக்க, விறைப்பு என்றால் என்ன என்பது மனத்தில் படமாகப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் படம் முதலில் தாய்மொழியில்தான் பதியும்.

தமிழில் இதற்கெல்லாம் சொல் உண்டா என்று சிலர் ஐயுறுவார்கள். மீட்சி, விறைப்பு, முறுக்கம், ஒத்ததிர்வு ஆகிய சொற்கள் நம் பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டுதான் மேலே இந்தத் தகட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரண்டு பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021-இல் இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க வழி திறந்தது. கேரளத்திலும் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினரின் மொழி உரிமையை ஏற்றிருக்கிறது. அந்த உரிமையை நாம் மனு எழுதுவதற்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே கேட்கிறோம். தொழிற்பட்டறைக்குள்ளும் கேட்க வேண்டும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காப்புரிமைப் பத்திரம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. சக பொறியாளர் மலையாளியாக இருப்பார். மூன்று மொழியும் நமக்கு வேண்டும். முதலில் புரிவது எந்த மொழியில் என்பதுதான் கேள்வி.

எதிர்ப்புகளுக்குப் பதில்

ஹார்ட் டிஸ்க்கே அழிந்துவரும் பொருள்தானே என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. 2010-இல் உலகெங்கும் ஏறத்தாழ 65 கோடி ஹார்ட் டிஸ்க்குகள் விற்றன; இப்போது ஆண்டுக்கு அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அசையும் பாகமே இல்லாத நினைவகங்கள் வந்துவிட்டன. ஆனால் நாம் கைபேசியில் எடுத்து அனுப்பும் படங்களெல்லாம் போய்ச் சேரும் பெரிய தரவு மையங்களில் மொத்தச் சேமிப்பு இன்றும் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில்தான். இதைவிட முக்கியமான பதில் ஒன்று உண்டு. சந்தை சுருங்கியபோது ஹட்சின்சன் நிறுவனம் அதே மெல்லிய தகட்டுக் கலையைக் கைபேசிக் கேமராவில் படம் ஆடாமல் காக்கும் உறுப்புக்குத் திருப்பியது. பொருள் சாகலாம், வரையத் தெரிந்த கை அடுத்த பொருளுக்குப் போய்விடும். கோர்க்க மட்டும் தெரிந்த கைக்கு அந்த வசதி இல்லை.

இத்தனை கோடி முதலீட்டுக்கு எங்கே போவது என்றும் கேட்பார்கள். கஞ்சிக்கோட்டில் நாளைக்கே சஸ்பென்ஷன் தொழிற்சாலை கட்டச் சொல்லவில்லை. வாளையாற்றைத் தாண்டினால் கோயம்புத்தூர். பம்பும் மோட்டாரும் அங்கே ஒரே நாளில் முளைத்தவையல்ல. பிரித்துப் பார்த்து, வரைந்து பார்த்து, செய்து பார்த்த பட்டறைகளில் வளர்ந்தவை. ஜி.டி. நாயுடு பட்டறையில் கற்றவர்தான். நமக்கு வேண்டியது அந்தப் பழக்கம்.

செய்யக்கூடியவை

சங்கங்கள் உடனே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, விடுமுறையில் ஒரு நாள் பட்டறை. பாலக்காட்டிலும் சரி, அடிமாலியிலும் சரி, எந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலும் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகள் மூலையில் கிடக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நட்சத்திர முனையுள்ள சிறு ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு எஃகு ஸ்கேல். பிள்ளைகள் தாமே பிரித்துப் பார்க்கட்டும். சன்னலையும் மடிப்பையும் குமிழையும் தேடிக் கண்டுபிடித்து வரையட்டும். ஏன் இப்படி என்ற கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லட்டும்.

இரண்டாவது, 2015-இல் பாலக்காட்டில் தொடங்கிய ஐ.ஐ.டி. முதலில் இயங்கியது நம் தமிழ்க் கிராமங்களுக்கு நடுவே உள்ள கோழிப்பாறையில். இப்போதைய வளாகம் கஞ்சிக்கோட்டில். மூணாற்றில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. நெடுங்கண்டத்தில் பாலிடெக்னிக் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லையோரத் தமிழ்வழி மாணவர்களுக்குத் தங்கள் ஆய்வுக்கூடங்களைத் திறந்து, தமிழறிந்த ஆசிரியரைக் கொண்டு விளக்கும்படி சங்கங்கள் சேர்ந்து கேட்க வேண்டும். தனித்தனியே கேட்டால் மனு. சேர்ந்து கேட்டால் கோரிக்கை.

மூன்றாவது, தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று பத்திகளில் ஒரு சிறு பட்டறைச் சொற்பட்டியல். நம் ஆசிரியர்களும் மலையாள நண்பர்களும் சேர்ந்து தயாரித்தால் இரு சாராருக்கும் பயன்படும்.

நான்காவது, சங்கங்கள் ஆண்டுதோறும் மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கின்றன. கொடுக்கட்டும். அதோடு, தானே யோசித்து வரைந்து செய்த ஒரு பொருளுக்கும் ஒரு பரிசு வைக்கட்டும். ஒரு தேயிலைக் கத்திரியின் ஸ்பிரிங்கை மேம்படுத்திக் காட்டினால்கூடப் போதும். அந்தக் கத்திரியை நாளெல்லாம் பிடிக்கும் தாயின் மணிக்கட்டு வலி பிள்ளைக்குத் தெரியும். அதைவிட நல்ல வடிவமைப்புப் பாடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

நம் முன்னோர் சுமந்த கல்லின் மேல் அணைகள் நிற்கின்றன. அதற்காகப் பெருமைப்படுவோம். ஆனால் அடுத்த தலைமுறைக்கு நாம் கேட்க வேண்டியது இன்னொரு சுமையை அன்று, பென்சிலை. இதுகுறித்துப் பாலக்காடு, இடுக்கி மாவட்டச் சங்க அன்பர்களும், பள்ளி ஆசிரியர்களும், தொழிற்சாலை அனுபவம் உள்ள பெரியோர்களும் தங்கள் கருத்துகளை இந்த இதழுக்கு எழுத வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள். வரும் விடுமுறைக்குள் ஓர் ஊரிலாவது அந்த ஒரு நாள் பட்டறை நடந்துவிட்டால் நல்ல தொடக்கமாக இருக்கும்.